கட்டுமரம் ஏறிய சர்க்யூட் போர்டு

எனக்கு முதல் வேலை கிடைத்தபோது அது என்ன வேலை என்று அம்மாவுக்கு விளங்க வைக்க முடியவில்லை. திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, முன்பு கருவாட்டு மூட்டை அடுக்கி வைத்திருந்த ஒரு கொட்டகையில் அந்தக் கம்பெனி நடந்தது. ரேடியோப் பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு அங்கே தயாரானது. செப்புத் தகடு ஒட்டிய அட்டையின் மேல் மையால் கோடு கோடாக அச்சடித்து மருந்துத் தண்ணீரில் முக்குவார்கள். மை படாத இடத்துச் செம்பெல்லாம் கரைந்து போய்விடும். மைக்கு அடியில் இருந்த கோடுகள் மட்டும் மிஞ்சும். அந்தக் கோடுகள்தான் ஒயருக்குப் பதிலாக மின்சாரத்தைக் கொண்டுபோகும். அப்படி வந்த போர்டை விளக்கடியில் வைத்து, லென்ஸ் வழியாகப் பார்த்து, நல்லதா கெட்டதா என்று சொல்வது என் வேலை.

அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "பாத்துகினே குந்திகினு இருக்கறதுக்கா சம்பளம் தராங்க?" என்றாள். துறைமுகத்தில் இறங்கும் சரக்கைப் பார்த்துக் கணக்குச் சொல்லும் வேலையில் இருந்த அப்பாவுக்கு மட்டும் அதில் ஆச்சரியம் ஒன்றும் தெரியவில்லை. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவில், ரேடியோ கம்பெனியில் இன்ஸ்பெக்டர் என்று அவர் எல்லோரிடமும் சொல்லி வைத்துவிட்டார். போலீஸ் இன்ஸ்பெக்டருக்கு எழுந்து நிற்பது போல ஒரு பெட்டிக்கடைக்காரர் எனக்கு எழுந்து நிற்க ஆரம்பித்தார். எனக்கு அப்போது இருபது வயது. எழுபதுகளின் ஆரம்பம். சந்தோஷத்தில் தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருந்தேன்.

கம்பெனியை நடத்தியவரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். பெரிய கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்து சொந்தமாகத் தொடங்கிய இஞ்சினியர். ஒல்லியாக, உயரமாக, சோடாபுட்டிக் கண்ணாடியோடு இருப்பார். சந்தோஷம் வந்தால் குதிகால் தரையில் படாது. அவரிடம் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. போர்டு எப்படி இருக்க வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும் என்று இந்தத் தொழிலுக்கு வகுத்து வைத்த விதிகள் அதில் இருந்தன. செப்புக் கோடு எவ்வளவு அகலம், இரண்டு கோட்டுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, ஓட்டையைச் சுற்றியுள்ள செப்பு வளையம் அறுபடலாமா கூடாதா என்று எல்லாவற்றுக்கும் படம் போட்டிருந்தது. ஒவ்வொரு குறைக்கும் மூன்று படங்கள். ஒன்று உத்தமம், ஒன்று ஏற்கலாம், ஒன்று தள்ளுபடி. மதியச் சாப்பாடு முடிந்ததும் சார் ஒரு பக்கத்தைப் பிரித்து வைத்துத் தமிழில் சொல்லுவார். ஈயம் கம்பியில் ஏறிப் படிந்திருக்க வேண்டும், எண்ணெய்ப் பிசுக்குத் தட்டில் தண்ணீர் உருளுவது போல உருண்டு நிற்கக் கூடாது என்பார். வேதம் வாசிப்பது போல வாசிப்பார். எங்களுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருக்கும்.

எங்களுக்கு என்றது என்னையும் வியாசர்பாடியிலிருந்து வந்த ஒருத்தியையும். போர்டில் பாகங்களைப் பொருத்தி ஈயம் பற்றவைப்பது அவள் வேலை. அவள் பற்றவைப்பாள், நான் தள்ளுவேன். வேலையே எங்களை எதிரெதிரே உட்கார வைத்திருந்தது. நான் சேர்ந்த முதல் வாரத்தில், ஓரத்தில் செம்பு கடித்தாற்போல் போயிருந்த ஒரு போர்டைத் தள்ளி, இந்தத் தொழிலில் அந்தக் குறைக்குச் சொல்லும் பெயரை அப்படியே, எலிக்கடி என்று சீட்டு எழுதிவிட்டேன். அவள் எழுந்து நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"இன்னாமே, எலி கட்ச்சிச்சுன்னு எழுதிகீற. எலி எங்க கீது, காட்டு."

லென்ஸைக் கொடுத்தேன். போர்டைப் பார்க்கக் குனிந்தவளின் கண்ணில் முதலில் அவளுடைய விரல் நுனி பட்டுவிட்டது. ரேகையெல்லாம் உழுத வயல் மாதிரி தெரிந்திருக்கிறது. போர்டை மறந்துவிட்டாள். அப்புறம் சாப்பாட்டு டப்பாவிலிருந்து ஒரு சோற்றுப் பருக்கை, மேஜையில் ஊர்ந்த எறும்பு, கடைசியாக என் மூக்கின் மேல் இருந்த பரு, எல்லாம் லென்ஸுக்கு அடியில் வந்தன. என் பருவைப் பார்த்துவிட்டு, இது தள்ளுபடி என்று தீர்ப்புச் சொன்னாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அதற்குப் பிறகு நாங்கள் பிரிந்து உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை.

இரண்டாவது வருஷம் ஒரு நாள் சார் குதிகால் தரையில் படாமல் உள்ளே வந்தார். மீன்பிடி விசைப்படகுகளுக்கு வயர்லெஸ் பெட்டி செய்யும் ஒரு கம்பெனி, எங்கள் போர்டுகளை வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது. ரேடியோ போர்டு மாதிரி பழுப்பு அட்டை இல்லை, கண்ணாடி இழையில் செய்த பச்சைப் போர்டு. ஒரே ஒரு நிபந்தனை. மாதிரிப் போர்டுகள் கிண்டியில் இருந்த அரசு சோதனைக்கூடத்தில் தேறி வர வேண்டும்.

சார் புத்தகத்தைப் பிரித்து அந்தச் சோதனைகளை வாசித்தார். போர்டை ஈரமான சூட்டில் வைப்பார்கள். ஆயிரக்கணக்கான தடவை தூக்கித் தூக்கிப் போட்டுக் குலுக்குவார்கள். உப்புப் புகையில் நாள்கணக்கில் விடுவார்கள். அத்தனைக்குப் பிறகும் செம்பு உரியக் கூடாது, ஈயம் விரியக் கூடாது, பச்சைக் களிம்பு பூக்கக் கூடாது. ஒரு தடவை தோற்றால் மறுபடி வரிசையில் நின்று முறை வருவதற்குள் ஆர்டர் வேறு யாருக்காவது போய்விடும். அதனால் போவதற்கு முன் நாமே ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்றார்.

அதற்கான கருவிகள் ஒன்றுகூட நம்மிடம் இல்லையே என்று நான் கேட்டேன். சார் கொட்டகை வாசலில் நின்று வெளியே கையைக் காட்டினார்.

"நம்ம ஊர்ல எதும்மா இல்ல? உப்பு இல்லையா, குலுக்கல் இல்லையா, வேக்காடு இல்லையா?"

அவர் வேடிக்கைக்குச் சொன்னதாகத்தான் நாங்கள் நினைத்தோம். மறுநாளே வேலை ஆரம்பமாகிவிட்டது.

வேக்காடு எங்கள் வீட்டில் நடந்தது. சார் கொடுத்த ஒரு வெப்பமானியும் இரண்டு போர்டுகளும் என் பையில் இருந்தன. அம்மாவின் இட்லிக் குண்டானில் தண்ணீரை மிதமாகச் சூடாக்கி, தட்டுக்கு மேல் போர்டுகளை வைத்து மூடினேன். தீ அதிகமாகாமல் அடுப்பைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சூடு ஏற வேண்டும், ஆற வேண்டும், திரும்ப ஏற வேண்டும். கோயிலுக்குப் போய்விட்டு வந்த அம்மா மூடியைத் திறந்து பார்த்தாள். பிறகு, வெந்துவிட்டதா என்று எப்படித் தெரியும், குத்திப் பார்க்கவா என்று கேட்டாள். அவள் கோபத்தில் கேட்டாளா நிஜமாகவே கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குண்டானை அப்புறம் புளி போட்டு அவள் தேய்த்த சத்தம் தெருமுனை வரை கேட்டது.

போர்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்தது குலுக்கல். சாருடைய யோசனை மாட்டு வண்டி. என் தோழிதான் குதிரை வண்டி என்றாள், அதில்தான் குலுக்கல் ஷோக்காக இருக்கும் என்றாள். ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் அப்போதும் சில குதிரை வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. துறைமுகத்துச் சுவரை ஒட்டிப் போகும் சாலை லாரிகள் ஓடி ஓடிப் பல்லாங்குழி மாதிரி ஆகியிருந்தது. போர்டுகளை ஒரு மரப்பெட்டிக்குள் திருகி, பெட்டியை வண்டியின் அடிப்பலகையில் கயிற்றால் கட்டினோம். மெத்தை வேண்டாம் என்று எடுத்துக் கீழே வைத்துவிட்டோம். வண்டிக்காரர் நரைத்த மீசை வைத்த பெரியவர். கட்டி முடிக்கும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே போக வேண்டும் என்று கேட்டார். எங்கேயும் போக வேண்டாம், இந்தச் சாலையில் போய்த் திரும்பி வந்துகொண்டே இருக்க வேண்டும், ஒரு பள்ளத்தையும் விட்டுவிடக் கூடாது என்று நான் சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னாம்மா சொல்ற? புள்ளத்தாச்சிங்கள ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போற வண்டி இது. வலி வந்த பொம்பளகூட என் வண்டில குலுங்கினேன்னு சொன்னதில்ல. பள்ளத்துல வுடாத ஓட்டறதுக்குத்தான் என்னிய கூப்டுவாங்க."

முதல் சுற்றில் அவர் எவ்வளவு முயன்றும் அவரால் பள்ளத்தில் விட முடியவில்லை. கை தானாகக் கடிவாளத்தை இழுத்துவிடுகிறது. குதிரையும் அப்படித்தான் பழகியிருந்தது, ஒவ்வொரு குழியையும் அழகாகச் சுற்றிக்கொண்டு போனது. பெட்டி தொட்டில் மாதிரி ஆடியது. இதற்கு நம் கம்பெனி மேஜையே மேல் என்று என் தோழி முணுமுணுத்தாள். இரண்டாவது சுற்றில் அவள் முன்னால் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இடது பக்கம் ஒன்று வருது நைனா, வுடு, வுடு என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் கண்ணை மூடிக்கொண்டு விட்டார். வண்டி தூக்கிப் போட்டது. எனக்குப் பல் தந்தி அடித்தது. பெரியவர் திரும்பிப் பார்த்தார். நாங்கள் இருவரும் கூரையைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தோம். அதற்கு மேல் அவருக்கும் வெறி வந்துவிட்டது. இத்தனை வருஷம் அவர் தவிர்த்து வந்த பள்ளங்களையெல்லாம் அன்று ஒன்றுவிடாமல் தேடித் தேடிப் போனார். ஒரு குழியில் நாங்கள் சீட்டை விட்டு எழும்பி விழுந்தபோது, இது மழைக்காலத்தில் முழங்கால் ஆழம் இருக்கும் என்று பெருமையாகச் சொன்னார். துறைமுகத்து வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த சுமை தூக்குபவர்கள், வண்டி ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் கை தட்டினார்கள். நடுவில் ஒரு தடவை குதிரைக்குத் தண்ணீர் காட்டுவதற்காக நிறுத்தியதோடு சரி.

சாயங்காலம் பெட்டியைப் பிரித்து நான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு போர்டில், கனமான கம்பிச்சுருள் ஒன்றின் காலடியில், ஈயத்தில் முடி மாதிரி ஒரு விரிசல். புத்தகத்தின் மூன்றாவது படம் அச்சு அசலாக அதில் இருந்தது. சார் வருத்தப்படுவார் என்று பயந்தபடி காட்டினேன். அவர் விரிசலைப் பார்த்துவிட்டு மேஜையைத் தட்டினார். கிண்டியில் விரிய வேண்டியது இங்கேயே விரிந்துவிட்டது என்று கொண்டாடினார். கனமான சுருள்களையெல்லாம் நூலால் போர்டோடு சேர்த்துக் கட்டிப் பிசின் தடவுவது என்று அன்றே முடிவானது.

மிச்சம் இருந்தது உப்பு. அதற்குக் கத்திவாக்கத்தில் இருந்த என் மாமாவிடம் போனோம். அம்மாவின் தம்பி. அங்கே பெண் எடுத்து, அந்தக் குப்பத்திலேயே தங்கிக் கட்டுமரம் ஓட்டிக்கொண்டிருந்தார். போர்டுகளை ஒரு வலைப் பையில் போட்டு, கட்டுமரத்தில் நட்ட ஒரு கொம்பின் உச்சியில் கட்டிக் கடலுக்குள் கொண்டுபோய்த் திரும்ப வேண்டும். சாரல் அடிக்க வேண்டும், தண்ணீரில் முழுகக் கூடாது. கரைக்கு வந்த பிறகு அவற்றைக் குடிசைக் கூரையில் கடல் பக்கம் பார்க்கத் தொங்கவிட வேண்டும். இதுதான் சாருடைய திட்டம். பெண்களைக் கட்டுமரத்தில் ஏற்றும் வழக்கம் அங்கே இல்லை. நானும் தோழியும் கரையில் நிற்பது என்று ஆயிற்று. சார் தானும் போவதாகச் சொன்னார்.

மாமா அவருடைய பேண்ட்டையும் பூட்ஸையும் கண்ணாடியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அட்டை வரட்டும் பாப்பா. ஆளு எதுக்கு?" என்று கேட்டார். சோதனை நடக்கும்போது இஞ்சினியர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சார் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். பூட்ஸை மட்டும் கழற்றி எங்களிடம் கொடுத்தார்.

போகும்போது எல்லாம் நன்றாக இருந்தது. அலைகளைத் தாண்டி கட்டுமரம் உள்ளே போனது. சார் கொம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கரையிலிருந்து ஒரு சின்னப் பொம்மை மாதிரி தெரிந்தது. அவர் ஒரு கையை எடுத்து எங்களுக்கு ஆட்டினார். உடனே இரண்டு கையாலும் கொம்பைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் மணலில் உட்கார்ந்து, அங்கே வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெண்களிடம், எங்கள் முதலாளி ஏன் அட்டைகளைக் கடலுக்கு அழைத்துப் போயிருக்கிறார் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தோம். அட்டைக்குக் கடல் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க என்று என் தோழி விளக்கினாள். மனிதனுக்கு ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறதே என்றாள் அவர்களில் ஒருத்தி.

திரும்பும்போது, கரைக்கு மிக அருகில், பின்னாலிருந்து வந்த ஓர் அலை கட்டுமரத்தைப் பக்கவாட்டில் தூக்கிக் கவிழ்த்துவிட்டது. மாமா அடுத்த நொடி தலையைத் தூக்கிவிட்டார். சாரைக் காணவில்லை. என் தோழி என் கையை நகம் பதியப் பிடித்தாள். பிறகு தண்ணீருக்கு மேலே ஒரு கை வந்தது. கையில் வலைப் பை. அப்புறம்தான் தலை வந்தது. மார்பளவு தண்ணீரில், இருமிக்கொண்டு, பையை மட்டும் உச்சந்தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி சார் நடந்து வந்தார். கண்ணாடி கடலோடு போய்விட்டது. எங்களுக்கு நேரே வருவதாக நினைத்துக்கொண்டு, எங்களைத் தாண்டி, வலை பழுது பார்த்த பெண்களிடம் போய் நின்று, போர்டுகள் பத்திரமாக இருக்கின்றன என்று தெரிவித்தார்.

அவர் உயிரோடு வந்த நிம்மதியும் அந்தக் காட்சியும் சேர்ந்து எங்களைச் சாய்த்துவிட்டன. மணலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வழியச் சிரித்தோம். மாமா ஒரு லுங்கியைக் கொண்டுவந்து சாருக்குக் கொடுத்தார். அத்தை இறால் வறுத்துச் சோறு போட்டாள். சார் லுங்கியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். முழுகக் கூடாது என்று சொல்லியிருந்தீர்களே, முழுகிவிட்டதே என்று மாமா கவலையோடு கேட்டார். முழுகியதையும் தாங்கினால் நமக்கு இன்னும் நல்லதுதான் என்றார் சார்.

ஒரு வாரத்துக்கு மேல் போர்டுகள் கூரையில் தொங்கின. எடுத்துப் பார்த்தபோது ஈயப் பற்றுகளைச் சுற்றிச் சில இடங்களில் பாசி மாதிரி பச்சை பூத்திருந்தது. ஈயம் பிடிப்பதற்காகத் தடவும் மருந்து கழுவாமல் நின்ற இடங்கள் அவை. உப்பு அங்கேதான் வேலையைக் காட்டியிருந்தது. நானும் தோழியும் பழைய பல் துலக்கும் பிரஷ்களை வைத்துக்கொண்டு, ஸ்பிரிட் தொட்டு, புதிதாகச் செய்த மாதிரிகளையெல்லாம் மூலை மூலையாகத் தேய்த்துக் கழுவினோம். எப்படி வருகிறது என்று பார்க்கக் கடலுக்குப் போய் வந்த போர்டுகளையும் கழுவினோம். அவையும் பளபளவென்று ஆகிவிட்டன. புதியவற்றுக்கு மேலே வார்னிஷ் பூசி, ஒவ்வொன்றையும் நான் பார்த்துத் தேற்றி, காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன்.

கிண்டிக்குப் போக வேண்டிய அன்று காலையில், சார் சந்தோஷம் தாங்காமல் ஒரு போர்டைப் பிரித்து இன்னொரு தடவை பார்த்திருக்கிறார். புதுக் கண்ணாடி வாங்கப் போக அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. கல்லூரியில் படித்த காலத்துப் பழைய கண்ணாடியைக் காதில் நூல் கட்டி மாட்டிக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு மேஜை மேல் வைத்தவர், திரும்ப எடுத்துச் சுற்றியது பக்கத்தில் கிடந்த, கடலுக்குப் போய் வந்த போர்டை.

கிண்டியில் எங்களைப் பார்த்தவர் ஓர் அம்மாள். ஐம்பது வயது இருக்கும். கைத்தறிச் சேலை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கிய லென்ஸ். அப்படி ஒரு லென்ஸோடு வேறொரு பெண்ணை நான் அதுவரை பார்த்ததே இல்லை. போர்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு ஓட்டைக்குள் குண்டூசியை விட்டு மெதுவாக எடுத்தார். மேஜை மேல் நாலைந்து மணல் துகள்கள் உதிர்ந்தன.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். சார் காதில் கட்டிய நூலைச் சரிசெய்துகொண்டார். என் தோழிதான் சொன்னாள்.

"அது கட்டுமரத்துல போய்ட்டு வந்துச்சுங்க."

அம்மாள் சிரிக்கவில்லை. அழுக்குப் போர்டைச் சோதனைக்கு எடுக்க முடியாது, ஒன்று குறைந்தால் மற்றவற்றையும் எடுக்க முடியாது, இன்று அலுவலகம் மூடுவதற்குள் வேறொன்று வந்தால் பதிவு செய்கிறேன் என்று சொன்னார். சார் அடுத்த வார்த்தைக்கு நிற்கவில்லை. கிண்டி ஸ்டேஷனைப் பார்க்க ஓடினார். ரயிலில் பீச் வரை போய், அங்கிருந்து பஸ் பிடித்துத் திருவொற்றியூர் போய், அதே வழியில் திரும்பி வர வேண்டும். ஓட்டத்தில் ஒரு பக்கத்து நூல் அவிழ்ந்து கண்ணாடி காதில் தொங்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்தோம்.

நாங்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சாப்பாட்டு வேளையில் அந்த அம்மாள் தன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கட்டுமரம் என்றாயே, அதைச் சொல் என்றார். தோழி ஆரம்பித்தாள். இட்லிக் குண்டானையும் குதிரை வண்டியையும் கூட அவள் விட்டுவைக்கவில்லை. வண்டி எத்தனை சுற்று போனது, போர்டு எந்தப் பக்கம் பார்த்துக் கட்டப்பட்டது என்றெல்லாம் அம்மாள் நடுநடுவே கேட்டுக்கொண்டார். எல்லாம் கேட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, வாருங்கள், எங்களுடையதைக் காட்டுகிறேன் என்றார்.

உள் அறையில் ஒரு மூலையில் கண்ணாடி மூடி போட்ட ஒரு பெட்டி இருந்தது. ஒரு தகர டிரங்குப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. உள்ளே ஒரு சின்னக் குழாய் முனையிலிருந்து உஸ் என்று புகை மாதிரி வந்துகொண்டிருந்தது. அதுதான் உப்புச் சோதனை. நான் மரியாதையோடு பார்த்தேன். தோழி மூடியின் மேல் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இத்துனூண்டு கடலுக்கா நம்ம சார் அம்மாந்தூரம் போய் கவுந்தாரு?"

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அடுத்த அறையில் குலுக்கல் இயந்திரம். ஓர் இரும்பு மேஜை, நின்ற இடத்திலேயே டக் டக் என்று எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான். குதிரை இல்லை, பள்ளம் இல்லை, கை தட்ட ஆள் இல்லை. மேஜை எழும்பும்போதெல்லாம் என் தோழியின் தலையும் தானாக எழும்பி இறங்கியது. அதைப் பார்த்ததும் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். அவள் என் பின்னாலேயே வந்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நிறுத்தினோம், ஒருவரை ஒருவர் பார்த்தோம், மறுபடி ஆரம்பித்தது. அரசாங்க அலுவலகத்தில் இப்படிச் சிரித்ததற்காக எங்கள் போர்டைத் தள்ளிவிடுவார்கள் என்று பயம் வந்தது. பயத்தில் இன்னும் சிரிப்பு வந்தது. அம்மாள் வாசலில் வந்து நின்று, "இந்தப் பெட்டியில இதுவரைக்கும் யாரும் கவிழ்ந்ததில்லை" என்றார். முகம் அப்போதும் கறாராகத்தான் இருந்தது. தோள் மட்டும் குலுங்கியது.

அலுவலகம் மூடும் நேரத்துக்குச் சற்று முன்னால் சார் வந்து சேர்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பனியன் துணியில் சுற்றிய போர்டை இரண்டு கையாலும் நீட்டினார். அம்மாள் அதை வாங்கி என் பக்கம் தள்ளினார்.

"நீதானே இன்ஸ்பெக்டர். நீ முதல்ல பார்."

தன் கழுத்திலிருந்த லென்ஸைக் கழற்றிக் கொடுத்தார். எங்களுடையதை விட நல்ல லென்ஸ் அது. செப்புக் கோடுகள் ஆற்றங்கரை மாதிரி தெளிவாகத் தெரிந்தன. ஒரு கோட்டின் நடுவில் குண்டூசியால் குத்தியது போல ஒரு புள்ளி இருந்தது. கொட்டகையில் வைத்து நான் பார்த்துத் தேற்றியபோது இது இருந்திருக்க வேண்டும், எங்கள் லென்ஸில் இவ்வளவு துலக்கமாகத் தெரியவில்லை. நிமிர்ந்தால் சார் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் ஓடிப் போய்த் திரும்ப ஓடி வந்த தூரம் முழுவதும் என் தலையில் ஓடியது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம்.

ஊசித்துளை ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். சாரின் முகம் வாடிவிட்டது. கோட்டின் அகலத்தில் எவ்வளவு போயிருக்கிறது என்று மறுபடி குனிந்து பார்த்து, விதி அனுமதிக்கிற அளவுக்கு உள்ளேதான் இருக்கிறது, ஏற்கலாம் என்றேன். அம்மாள் லென்ஸை வாங்கித் தானும் நெடுநேரம் பார்த்தார். உள்ளேதான் இருக்கிறது என்று சொல்லி, பதிவுச் சீட்டில் முத்திரை குத்தினார். திரும்பி வரும் ரயிலில் சார் பதிவுச் சீட்டை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். பீச் ஸ்டேஷனில் இறங்கியதும் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு கோன் ஐஸ் வாங்கிக் கொடுத்தார்.

முடிவு வர வாரக்கணக்கில் ஆயிற்று. தபால்காரர் உறையைக் கொண்டுவந்த அன்று சார் அதை என்னிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். எல்லாச் சோதனையிலும் தேறியிருந்தோம். கொட்டகையில் அதற்கு மேல் யாரும் வேலை செய்யவில்லை. சார் மருந்துத் தொட்டியைச் சுற்றிக் குதிகால் படாமல் நடந்தார். ஆர்டர் கைக்கு வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் இன்னும் சில பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். என் மேஜைக்குப் பக்கத்தில் இரண்டாவது விளக்கும் புது லென்ஸும் வந்தன.

முடிவு வந்த அன்று சாயங்காலம் நானும் தோழியும் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்ததில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டோம். கல்மண்டபத்தில் இறங்கித் திரும்பி நடந்தோம். ஒரு சந்து முனையில் கல்யாணத்துக்கு வாசிக்கும் பேண்டு செட்டுக்காரர்கள், சீருடை போடாமல், லுங்கியோடு நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய டிரம் அடித்தவர் எங்களைப் பார்த்து அடியைக் கொஞ்சம் வேகமாக்கினார். அவள் தன் சாப்பாட்டுப் பையை என் கையில் கொடுத்தாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆட ஆரம்பித்தாள். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். பிறகு இரண்டு பைகளையும் ஒரு வீட்டுப் படியில் வைத்துவிட்டு நானும் போனேன்.